ஓட்ஸ் பிஸ்கோத்து மருந்தாகுமா?

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையின் மிட்டாய்க் கடைகளில் தம்ரூட் என்று ஒரு பட்சணம் விற்கும். ரவை, கோவா, நெய், சர்க்கரை எல்லாம் சேர்த்து, மேலும் கீழும் தணலிட்டு வேகவைக்கும் முறையில் பிறந்தது அது. அதை உடம்புக்கு நல்லதென்று சொல்லி யாரும் விற்பதில்லை. இனிப்பு என்றே விற்கிறார்கள், இனிப்பு என்றே வாங்கித் தின்கிறார்கள்.

புதிதாக வந்த ஓட்ஸ் பிஸ்கோத்தின் கதை வேறு. வீட்டில் ஒரு சிறு மின்சார அடுப்பு வந்துவிட்டால் போதும்; ஓட்ஸுடன் உலர்ந்த திராட்சையும் பேரீச்சம்பழமும் சேர்த்து, "மாமாவுக்குச் சர்க்கரை வியாதி, இதைச் சாப்பிடட்டும்" என்று தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவு உள்ளவர்கள் என்று 2023-ல் வெளியான ஆய்வு சொல்லும்போது, இந்த அன்பைச் சற்றே நிறுத்துப் பார்க்க வேண்டாமா?

ஓட்ஸுக்கு நற்பெயர் தேடித் தந்தது அதிலுள்ள பீட்டா குளூக்கான் என்ற நார்ச்சத்து. நாள்தோறும் 3 கிராம் உட்கொண்டால் கொழுப்பு குறைய உதவும் என்று விளம்பரம் செய்ய அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997-ல் அனுமதித்தது. ஆனால் வீட்டுப் பிஸ்கோத்து ஒன்றில் இருக்கும் ஓட்ஸ் ஏறக்குறைய 8 கிராம்தான். அந்த 3 கிராம் நாரைப் பெற ஒன்பது பத்துப் பிஸ்கோத்தாவது தின்றாக வேண்டும். அத்துடன் வெல்லத்திலும் பழத்திலும் இருந்து ஒன்பது தேக்கரண்டிச் சர்க்கரையும் உள்ளே போய்விடும்! வெல்லம் சர்க்கரை ஆகாது என்பது நம் வீடுகளில் நிலைத்துவிட்ட ஒரு பிரமை. உலர்ந்த திராட்சையிலும் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரையே. பெரியவருக்கு ஓட்ஸின் குணம் வேண்டுமானால், 40 கிராமை மோரில் கரைத்த கஞ்சியாகக் கொடுக்கலாம். பாதி நார் அதிலேயே கிடைத்துவிடும்.

அப்படியானால் வீட்டில் சுடவே கூடாதா? சுடத்தான் வேண்டும். கடைப் பொட்டலத்தில் 'ஓட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்புறப் பொடி எழுத்தில் முதல் பெயர் மைதாவாக இருக்கும். எடை அதிகமுள்ள பொருளை முதலில் குறிக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே அந்தப் பொடி எழுத்தே உண்மையைச் சொல்கிறது. சரியான எடைக்கும் நியாய விலைக்குமாக 1904-லேயே கூட்டுறவுச் சங்கம் கண்ட பேட்டை இது. இங்குள்ளவர்கள் அதைப் படிக்காமல் வாங்கலாமா?

வீட்டில் செய்வது கடினமன்று. 200 கிராம் ஓட்ஸை வாசனை வரும்வரை வறுத்து, பாதியைப் பொடித்துக்கொள்ள வேண்டும். 100 கிராம் கோதுமை மாவு, 100 கிராம் வெண்ணெய், 75 கிராம் பொடித்த வெல்லம், நறுக்கிய உலர்பழம் 75 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, பிசைவதற்குச் சிறிது பால். இருபத்தைந்து உருண்டைகளாக்கித் தட்டி, 170 டிகிரிச் சூட்டில் கால் மணி நேரம். மின்சார அடுப்பு இல்லாதவர்கள், கனமான பாத்திரத்தில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, மேலே தட்டை வைத்து மூடிச் சுடலாம்; நேரம் மட்டும் கூடுதலாகும். எடுக்கும்போது மெத்தென்று இருப்பதைக் கண்டு வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளுபவர்கள் உண்டு. ஆறினால்தான் இறுகும்.

மாலைக் காப்பியுடன் வீட்டாருக்கு ஆளுக்கு இரண்டு. சர்க்கரை வியாதிக்காரருக்கு ஒன்று. அதுவும் அன்றைய கணக்கில் சேர்த்து. மிச்சத்தை இறுக மூடும் டப்பாவில் வைக்க வேண்டும்; மெரினாக் காற்று பட்டால் மறுநாளே நமத்துப்போகும்.