ஜெபம் பண்ணுங்க, மாத்திரையையும் போடுங்க

1/ ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சர்ச்சுக்குப் போறவங்களுக்காக இந்த இழை. "மாத்திரை போடுறது அவிசுவாசம், நிறுத்திட்டு ஜெபம் பண்ணுங்க"ன்னு சொல்றவர் உங்களுக்கு விசுவாசத்தைக் கத்துக்கொடுக்கல. உங்க உயிரைப் பணயம் வெச்சுத் தன் பேரைப் பெருசாக்கிக்கிறார்.

2/ டிபியை எடுத்துக்கோங்க. சாதாரண நுரையீரல் டிபிக்குச் சிகிச்சை 6 மாசம். ஆரம்பிச்ச சில வாரத்துலயே காய்ச்சல் நிக்கும், இருமல் குறையும், பசி எடுக்கும். உடனே மேடை ஏத்திச் சாட்சி சொல்ல வைக்கிறாங்க. மாத்திரை நின்னுபோகுது. ஆனா கிருமி முழுசா சாகல. திரும்ப வரும்போது பழைய மருந்துக்கு அடங்காத டிபியா வரலாம். வீட்டுக் குழந்தைக்கும் பரவலாம்.

3/ டைப் 1 சர்க்கரைக்காரங்க இன்சுலினை நிறுத்தினா, ஓரிரு நாள்லயே ரத்தத்துல அமிலம் ஏறி உயிர் போகலாம். வலிப்பு மாத்திரையைத் திடீர்னு விட்டா, நிக்காத வலிப்பு வரலாம். பொறுத்திருந்து பார்க்க இதுல நேரமே இல்ல.

4/ "வேதத்துல மருந்து எங்க இருக்கு?"ன்னு கேக்கறாங்க. லூக்காவை வைத்தியன்னு சொல்றதே பவுல்தான். தீமோத்தேயுவோட வயித்துக்கு அவர் சொன்னது கொஞ்சம் திராட்சரசம். எசேக்கியா பிழைப்பார்னு வாக்கு கிடைச்ச பிறகும், கட்டி மேல அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னார் ஏசாயா. நல்ல சமாரியன் ஜெபம் பண்ணிட்டு நடையைக் கட்டல. காயம் கட்டி, சத்திரத்துல சேர்த்து, செலவுக்கும் காசு கொடுத்தான். நம்ம சத்திரப்பட்டியில நெய்ற பேண்டேஜ் துணியும் அந்த வேலையைத்தான் செய்யுது.

5/ இதைவிடக் கொடுமை: "குணமாகலையா? உங்க விசுவாசம் பத்தல." குணமானா புகழ் மேடைக்கு. செத்தா பழி பெத்த தாய்க்கு. இது என்ன நியாயம்?

6/ நமக்குத் தெற்கே டோனாவூர்ல குழந்தைகளைக் காப்பாத்தின ஏமி கார்மைக்கேல் 1931ல கீழே விழுந்து அடிபட்டாங்க. 1951ல சாகற வரைக்கும் பெரும்பாலும் படுக்கைதான். அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினாங்க. அவங்களுக்கு விசுவாசம் பத்தலைன்னு சொல்வீங்களா? 3 தடவை வேண்டியும் பவுலோட முள் போகலையே, அவருக்கும் பத்தலையா?

7/ வேலூர் சிஎம்சியை 1900ல ஒரே ஒரு படுக்கையோட ஆரம்பிச்ச ஐடா ஸ்கடரும் விசுவாசிதான். கஷ்டத்துல தேவனை நம்பினவங்க ஆஸ்பத்திரியை மூடல, கட்டினாங்க.

8/ "ஜெபத்துல குணமானவங்க இருக்காங்களே டாக்டர்?" இருக்கட்டும். குணமாகியிருந்தா சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் அதையே சொல்லும். பரிசோதனைக்கு ஏன் பயம்? குணமான குஷ்டரோகிகளையே ஆசாரியர்கிட்ட காட்டச் சொல்லித்தான் இயேசு அனுப்பினார்.

9/ ஜெபம் வேண்டாம்னு நான் சொல்லல. ராத்திரி வார்டுல மூச்சுத் திணறிப் படுத்திருக்கிறவரோட பயத்துக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல. பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சு ஜெபிக்கிறவங்களை நான் தடுத்ததே இல்ல.

10/ அரசு ஆஸ்பத்திரியில டிபி மருந்து இலவசம். சாப்பாட்டுக்கு மாசம் 1000 ரூபாய் உதவியும் உண்டு. போதகர்களே, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஜெபம் முடிஞ்சதும் "இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா?"ன்னு கேளுங்க. நாங்க சொல்றதைவிட நீங்க சொன்னா கேப்பாங்க.