கையொப்பங்களை எண்ணிப் பாருங்கள்



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், முன்னர் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் தம் மனைவியுடன் வீட்டிற்கு வந்திருந்தார். வளைகுடாவில் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் முதன்முதலாக மனை வாங்க முனைந்திருக்கிறார். ஊருக்குள்ளேயே ஒரு கிரவுண்டு. அதாவது 2,400 சதுர அடி.

"ஹஜ்ரத், முப்பது வருடத்திற்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டேன். சுத்தமாக இருக்கிறது. பட்டாவும் விற்பவர்கள் பெயரில்தான் இருக்கிறது. நாளை முன்பணம் கொடுக்கிறேன். துஆச் செய்யுங்கள்" என்றார்.

"விற்பவர்கள் யார்?" என்று கேட்டேன்.

"அண்ணன் தம்பி இருவர். அவர்களுடைய வாப்பா வாங்கிய இடம். அவர் மௌத்தாகி ஆறு வருடமாகிறது."

"அவர்களுக்குச் சகோதரி உண்டா?"

மாணவர் தம் மனைவியைப் பார்த்தார். அவர்தாம் மெதுவாகச் சொன்னார்: "ஒரு லாத்தா இருக்கிறார்கள், ஹஜ்ரத். பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. உம்மாவும் இருக்கிறார்கள்."

ஒரு தாளை எடுத்து, வகுப்பில் மாணவர்களுக்குப் பராயிள் பாடம் நடத்துவது போலவே கணக்கிட்டுக் காட்டினேன். இறந்தவருக்கு மனைவி, இரு மகன்கள், ஒரு மகள். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. அதாவது 300 சதுர அடி. எஞ்சிய 2,100 சதுர அடியில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற விகிதப்படி மகன்களுக்குத் தலா 840, மகளுக்கு 420. ஆகவே அண்ணனும் தம்பியும் தமக்குச் சொந்தமென விற்கக்கூடியது 1,680 சதுர அடி மட்டுமே. மீதி 720 சதுர அடியை அவர்கள் விற்கவும் முடியாது. என் மாணவர் வாங்கவும் முடியாது. ஆனால் பணம் மட்டும் 2,400 சதுர அடிக்கும் கேட்கப்படுகிறது!

"வில்லங்கச் சான்றில் ஒன்றுமே இல்லையே?" என்று திகைத்தார் அவர்.

வாசகர்களே, முதன்முதலாக நிலம் வாங்குவோர் ஏமாறும் இடம் இதுவே. பதிவு அலுவலகத்தில் பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றை மட்டுமே வில்லங்கச் சான்று காட்டும். ஒருவர் இறந்த அந்தக் கணத்திலேயே அவருடைய சொத்து வாரிசுகளைச் சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பத்திரம் எழுதப்படுவதில்லை. எனவே சான்றில் அது வருவதில்லை. நம்மவரிடையே வாய்மொழியாகவே ஹிபா கொடுத்து, இடத்தையும் ஒப்படைத்துவிடும் வழக்கம் உண்டு. சட்டப்படி அது செல்லும். ஆனால் அதுவும் சான்றில் தெரியாது. பட்டாவோ வருவாய்த் துறையின் ஆவணம். அது மட்டுமே உரிமையை நிலைநாட்டிவிடாது.

எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன், தாய்ப் பத்திரத்தின் மூலத்தைப் பாருங்கள். அதில் பெயருள்ளவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் கேளுங்கள். அந்தச் சான்றில் எத்தனை பெயர்களோ, கிரயப் பத்திரத்தில் அத்தனை கையொப்பங்கள் இருக்கவேண்டும். ஒருவர் தம் பங்கை விட்டுக் கொடுத்தாரெனில், பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம் இருக்கவேண்டும். பருவமடையாத பிள்ளை பங்குதாரராக இருந்தால், தாய் கையொப்பமிட்டால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். தந்தையோ தந்தைவழிப் பாட்டனாரோ இல்லாதபோது நீதிமன்ற அனுமதி தேவை. பிற சமயத்தவரிடம் வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனோடு சமபங்கு அளித்துள்ளது.

புதிய மனைப்பிரிவில் வாங்குவோர், அதற்கு உரிய அரசு ஒப்புதல் எண் உண்டா என்று பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாயின், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பழைய இடமெனில் அது வக்ஃபு நிலமா என்றும் ஜமாஅத்தில் விசாரியுங்கள். அல்லாஹ்வுக்காக விடப்பட்ட இடத்தை விற்க எவருக்கும் உரிமையில்லை. "பவர்" பத்திரத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பவர் பத்திரத்தால் நிலத்தின் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு மாணவர் கேட்டார்: "கல்யாணத்தில் லாத்தாவுக்கு முப்பது பவுன் போட்டுவிட்டோம், அதோடு கணக்குத் தீர்ந்தது என்கிறார்களே, ஹஜ்ரத்?"

இதை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! தந்தை உயிரோடிருந்தபோது மகளுக்குப் போட்ட நகை அன்பளிப்பு. வாரிசுரிமையோ அவர் இறந்த பின்னரே பிறக்கிறது. அதன் அளவை விதித்தவன் இறைவன். அதை அண்ணன் தம்பிகள் நகைக் கணக்கில் கழித்துவிட இயலாது. அந்தப் பெண் வெட்கத்தாலோ, பிறந்த வீட்டுப் படி ஏறமுடியாமல் போகுமோ என்ற அச்சத்தாலோ வாய் திறவாதிருப்பதைச் சம்மதம் என்று கொள்ளலாமா? இன்று அவர் பேசாதிருந்தாலும், நாளை அவருடைய பிள்ளைகள் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்தால், பன்னிரண்டு ஆண்டு உழைப்பு நீதிமன்றப் படிகளில் கிடக்கும். வழக்கே வராவிட்டாலும், பிறர் பங்கின்மீது எழுப்பிய வீட்டில் முஸல்லாவை விரித்துத் தொழ உங்கள் மனம் இடம் தருமா?

சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு சொல். "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்று நீட்டப்படும் தாளைப் படித்துப் பாராமல் கையொப்பமிடாதீர்கள். உங்கள் பங்கை விட்டுக் கொடுப்பது உங்கள் விருப்பம். அது எவ்வளவு என்பதை அறிந்து விட்டுக் கொடுங்கள்.

மறுநாள் மாணவர் முன்பணம் கொடுக்கவில்லை. அவருடைய மனைவி பக்கத்து ஊருக்குச் சென்று அந்த லாத்தாவைப் பார்த்து வந்தார். இடம் விற்கப்படும் செய்தியே அந்த அம்மையாருக்குத் தெரியாதாம். "எங்கள் வாப்பா இடத்தையா?" என்று மட்டும் கேட்டாராம். இப்போது நால்வரும் சேர்ந்து பேசி வருகிறார்கள். நால்வரும் மனமொப்பிக் கையொப்பமிடும் நாளில் இன்ஷா அல்லாஹ் நானும் வந்து துஆச் செய்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

நம் சம்பாத்தியத்தையும் நாம் வாழும் மண்ணையும் அல்லாஹ் ஹலாலாக்கி வைப்பானாக! ஆமீன்.