கழிவுநீர் நிலையமும் அண்டை வயற்காரர் கிணறும்

ஆற்றுக்குப் பாலின் பெயரைச் சூட்டி மகிழ்ந்த மக்களின் வழிவந்தோர் நாம். கருநாடகத்து நந்தி மலைப்பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைத் தொட்டு, 348 கிலோமீட்டர் நடந்து வங்கக் கடலைச் சேரும் பாலாறு, அந்நடையில் 222 கிலோமீட்டரைத் தமிழகத்திலேயே கழிக்கிறது. அதன் வட்டாரத்து வாணியம்பாடியும் ஆம்பூரும் பேரணாம்பட்டும் இராணிப்பேட்டையும் தோலால் வாழ்ந்த ஊர்கள். இன்றும் வாழும் ஊர்கள். அத்தொழிலை வளர்த்தவர்களுள் நம் சமுதாயத்தார் பெரும்பங்கினர். பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கல்விக்கூடங்களும் அச்செல்வத்தின் ஒரு பகுதியால் எழுந்தவை. ஆகவே அவ்வூர்களின் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் விதிகளை ஒழுங்காகப் பேணுகின்றனவா என்று கேட்கும் கடமை, பிறரைக் காட்டிலும் நமக்கே மிகுதி என்று கருதுகிறோம்.

முற்காலத்தில் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே தோல் பதனிடுவோரின் துணைப்பொருள்கள். 1970களில் அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முழுப்பதத் தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தது. குரோமிய உப்பின் பயன்பாடு பெருகிற்று. வாரக்கணக்கில் ஊறிய வேலை நாள்கணக்கில் முடிந்தது. அந்நியச் செலாவணி குவிந்தது, கிணறுகள் கரித்தன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை நம் மாணவர்கள் ஒருமுறையேனும் படிக்க வேண்டும். தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியிழந்தது என்னும் ஆய்வு முடிவை அது எடுத்துக்காட்டுகிறது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என உரைத்ததும், தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்ததும் அத்தீர்ப்பே.

சிறு தொழிற்சாலைகள் தனித்தனியே நிலையம் அமைக்க இயலாமையால், அரசு மானியத்தோடு பொது நிலையங்கள் எழுந்தன. அவற்றில் குறை நேர்ந்தால் நிலையத்துப் பொறியாளரைக் கைகாட்டுவது எளிது. அவருடைய தொட்டிக்கு வந்து சேர்வது யாது என்று கேட்பார் சிலரே.

பச்சைத் தோல் அழுகாதிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பு இடப்படுகிறது. ஊறவைக்கும்போது அவ்வுப்பு முழுவதும் நீரில் இறங்குகிறது. நிலையத்தில் காற்றூட்டத் தொட்டியிலுள்ள நுண்ணுயிர்கள் கொழுப்பையும் புரதத்தையும் உண்டு தீர்க்கும்; உப்பை அவை தொடா. உப்புச்செறிவு திடீரென ஏறினாலோ, சல்பைடு மிகுந்த சுண்ணாம்புக் கரைசல் ஒரே வேளையில் பாய்ந்தாலோ அவையே மடியும். பின்னர் அவற்றை மீண்டும் வளர்த்தெடுக்க நாள்கள் பல செல்லும். அதற்குள் தோல் வேலை நின்றுவிடுமா என்ன? லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த திடப்பொருள் இருத்தலாகாது என்பது வெளியேற்றும் நீருக்குரிய வரம்பு. இவ்வரம்பு எட்டாக்கனியாக நின்றதாலன்றோ, சவ்வுகளின் வழியே நீரைப் பிரித்து மீட்டு, எஞ்சிய கரைசலைக் காய்ச்சி உப்பாக்கி, ஒரு சொட்டும் வெளிவிடாத முறை கட்டாயமாயிற்று! அதற்கு மின்செலவு மிகுதி. இறுதியில் கிடைக்கும் கலப்பு உப்பை வாங்குவாரும் இல்லை. மூட்டை மூட்டையாக அது தேங்குகிறது.

ஆகவே குறையின் வேர் நிலையத்தில் மட்டும் இல்லை. அதற்கு நீர் அனுப்பும் ஒவ்வொரு தொழிற்சாலையின் வாயிலிலும் இருக்கிறது. தோலை மரச்சட்டத்தில் உதறி உப்பை நீக்கியபின் ஊறவைத்தால் நிலையத்தின் சுமை கணிசமாகக் குறையும். குரோமியக் கரைசலைத் தனியே பிரித்து, மக்னீசியம் ஆக்சைடால் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் பயன்படுத்தலாம். இவை புதுமைகள் அல்ல. பல்லாண்டுகளாக எல்லோரும் அறிந்தவை. உதறுவதற்கு இரண்டு ஆள் கூலி மிச்சமாகிறது என்று ஒருவர் கருதும்போது, அந்த மிச்சத்தின் விலையை நிலையத்தில் பங்கு கொண்ட நேர்மையாளர் அனைவரும் செலுத்துகின்றனர். மழை இரவில் ஒருவர் மதகைத் திறந்துவிட்டால் காலையில் ஆற்றில் பொங்கும் நுரைக்கு ஊரே பெயர் வாங்குகிறது.

நிலையத்தின் நீரைப் பற்றிப் பேசுவோர் அதன் சேற்றை மறந்துவிடுகின்றனர். 2015 சனவரி 31ஆம் நாள் விடியுமுன், இராணிப்பேட்டைச் சிட்கோ வளாகத்துப் பொது நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, அடுத்திருந்த தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் சேற்றில் மூழ்கி மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். விதிமீறல் என்னும் சொல்லைக் கோப்பில் படிக்கும்போது அவர்களை நாம் நினைப்பதில்லை.

இவ்வளவும் கூறியபின் வழக்கமான மறுமொழிகள் எழும். நகராட்சிச் சாக்கடையும் அதே ஆற்றில்தானே கலக்கிறது என்பர். உண்மை, நகராட்சியையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் சாக்கடை நீரில் குரோமியம் இராது. மணற்கொள்ளையால்தான் ஆறு செத்தது என்பர். அதிலும் உண்மை உண்டு. எனினும் மணல் அள்ளியதால் கிணற்று நீர் உப்பாகவில்லை. நம் சமுதாயத்தைக் குறிவைத்தே இவ்வழக்குகள் என்று தாழ்ந்த குரலில் கூறுவோரும் உளர். இதை நாம் அறவே ஏற்கவில்லை. உப்பு நீரால் தென்னை கருகிய உழவர்களுள் நம்மவரும் இருக்கின்றனர். தோல் ஷாப்பில் இடுப்பளவு ஈரத்தில் நிற்கும் தொழிலாளியும் நம்மவரே. தவறு செய்த ஒரு முதலாளிக்குச் சமுதாயத்தின் போர்வையைப் போர்த்துவது மார்க்கத்துக்கும் அடாது. ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்காதீர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்த மார்க்கம் அன்றோ நம்முடையது?

2025 சனவரி 30ஆம் நாள் உச்சநீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்துள்ளது. பாதிக்கப்பட்டோர்க்கு 2001, 2009ஆம் ஆண்டுகளில் தீர்மானிக்கப்பட்ட இழப்பீட்டில் நிலுவையை ஆறு வாரத்துக்குள் அரசு வழங்கி, மாசுபடுத்தியோரிடம் அதனை வசூலிக்க வேண்டும் எனவும், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு அமைக்க வேண்டும் எனவும் ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. இழப்பீடு கோரிய உழவர் பலர் இக்காலத்திற்குள் மறைந்திருப்பர்.

குழு வரட்டும், ஆனால் அதற்காக ஊர் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு பொது நிலையத்தின் வாயிலிலும், உள்ளே வந்த நீரின் அளவு, அதன் உப்பு, குரோமியம், மீட்ட நீரின் அளவு ஆகியவற்றை நாள்தோறும் தமிழில் கரும்பலகையில் எழுதி வைக்கலாம். உறுப்பினர் தொழிற்சாலைகள் செலுத்தும் கட்டணத்தை நீரின் அளவால் மட்டுமன்றி அதிலுள்ள உப்பின் அளவாலும் கணக்கிட்டால், தோலை உதறச் சொல்லி எவரும் உபதேசம் செய்யத் தேவையிராது. நம் கல்லூரி வேதியியல் துறை மாணவர்கள் மாதம் ஒருமுறை சுற்றுப்புறக் கிணறுகளின் நீரைச் சோதித்து, முடிவை அக்கிணற்றுக்காரரிடமே கொடுக்கலாம்.

ஜமாஅத் பெரியோரிடம் ஒரு விண்ணப்பம். ஹஜ்ஜுப் பெருநாளில் மதரஸாக்களுக்கென நாம் திரட்டும் குர்பானித் தோல்களுக்கு, கெட்டுவிடுமோ என்னும் அச்சத்தில் இளைஞர்கள் உப்பைக் கூடை கூடையாகக் கொட்டுகின்றனர். அடுத்த பெருநாளுக்குமுன் அனுபவமுள்ள தோல் தொழிலாளி ஒருவரை ஒவ்வொரு மஹல்லாவுக்கும் அழைத்து, ஒரு தோலுக்கு எவ்வளவு உப்புப் போதும் என்று அவர்களுக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள்.