கோட்டை கட்டினவனும் சட்டம் எழுதினவனும்

2001 ஏப்ரல் 1, நள்ளிரவு. ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்தில் மேயர் ஜொப் கோஹன் நாலு ஒருபாலினச் சோடிகளுக்குக் கலியாணம் முடித்து வைத்தார். உலகில் சட்டப்படி அதுதான் முதலாவது. நம்ம கற்பிட்டிக் கோட்டையைக் கட்டிய அதே ஒல்லாந்தர்தான்!

இங்கே அந்த உறவுக்கு மறியல். தண்டனைச் சட்டக்கோவை 365, 365அ. நம்ம கலாசாரம் என்று தூக்கிப் பிடிக்கிறோம், எழுதினது 1883இல் வெள்ளைக்காரன்.

மார்க்கத்தில் நிக்காஹ் ஆணுக்கும் பெண்ணுக்கும்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பள்ளிவாசலில் காவின் எழுதச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. ஆனால் 2022இல் அக்கரைப்பற்றில் சேர்ந்து வாழக் கேட்ட இரண்டு பெண்களை மனநலப் பரிசோதனைக்கு அனுப்பினார்களே, அது எந்த மார்க்கம்? உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

பெற்றோரே, அப்படியொரு பிள்ளை வீட்டில் இருந்தால் பொலிஸுக்கு ஓடாதீங்க. உட்கார வைத்துப் பேசுங்க.