அறுவை முடிந்தால் போதுமா? ஓய்வுக்குக் கூலி யார் தருவது?

உடல் பருமனைக் குறைக்க இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொள்வது பணக்காரர் சங்கதி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணம் இன்று செல்லாது. இந்த ஆபரேஷனுக்குப் பெயர்பெற்ற கோவை ஜெம் ஆஸ்பத்திரி இருப்பதே பங்கஜா மில் ரோட்டில்தான். சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் மூட்டுவலியும் மில் லைன் வீடுகளிலும் தோட்டத்துச் சாளைகளிலும் புகுந்து வெகுநாளாகிறது. ராத்திரி ஷிப்டும், கெட்ட தூக்கமும், மலிவாகக் கிடைப்பதைக் கொண்டு வயிற்றை நிரப்பும் பிழைப்பும் உடம்பை ஊதவைக்கின்றன. “கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்று பழமொழி பேசிச் சிரிப்போர் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஆபரேஷன் யாருக்குத் தேவை என்பதை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். நாம் பேச வந்தது அதற்குப் பிந்திய நாட்களைப் பற்றி. கத்தி வேலை சில மணி நேரத்தில் முடிகிறது. சிக்கல் ஏதும் இல்லையென்றால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பி விடுகிறார்கள். சிகிச்சையின் மறுபாதி வீட்டில்தான் நடக்கிறது. அந்த வீடு தயாராக இருக்கிறதா?

பரவலாகச் செய்யப்படும் ஒரு முறையில், இரைப்பையின் சுமார் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு மீதியைத் தைத்து விடுகிறார்கள். அந்தத் தையல் ஆற வாரங்கள் பிடிக்கும். ஆகவே முதல் இரண்டு வாரம் நீராகாரம்; பிறகு மசித்த உணவு; அப்புறம் மெதுவாகக் கெட்டி உணவு. கணக்கை டாக்டர் எழுதித் தருவார். அதைச் சமைப்பவரும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பார்க்க வரும் பந்துக்கள், “ஒருவாய் சாப்பிடுங்க” என்று பலகாரத்தை நீட்டுவது நம் பக்கத்து மரியாதை. இந்தச் சமயத்தில் அந்த மரியாதை ஆபத்து!

ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன்பே செய்யவேண்டியவை உண்டு. படுக்கையும் குடிநீரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தண்ணீரை மடக்கு மடக்காக, நாள் முழுதும் குடிக்கவேண்டும். சோற்றோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது. குடம், சிலிண்டர், மூட்டை தூக்குவதை நாலு முதல் ஆறு வாரம் வேறொருவர் ஏற்கட்டும். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும். ஆகவே அடிக்கடி எழுந்து வீட்டுக்குள் நடக்க வேண்டும். பீடியும் சாராயமும் கூடவே கூடாது. உணவு குறைந்தபின் பழைய அளவில் சர்க்கரை மாத்திரை விழுங்கினால் மயக்கம் போட்டு விழநேரும். மாத்திரையின் புதிய அளவைக் கேட்டு எழுதி வாங்குங்கள். வலிக்கு மருந்துக்கடை மாத்திரையைத் தாமாக வாங்கித் தின்னக் கூடாது. சத்து மாத்திரை ஆயுள் முழுதும் தேவைப்படும். அந்தச் செலவையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள்.

காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, கெண்டைக்கால் வீக்கம், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி — இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

உழைக்கும் பெண்ணுக்கு இன்னொரு கஷ்டம். ஆண் வீடு திரும்பினால் கட்டில்; பெண் வீடு திரும்பினால் அடுப்படி! தோழர்களே, மனைவி ஆபரேஷன் முடிந்து வந்தால் அந்த ஆறு வாரம் குடத்தையும் கரண்டியையும் நாம் எடுப்போம். இதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை.

இத்தனையும் சரி, கூலி? இங்கேதான் முடிச்சு இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. திட்டம் தமிழ்நாட்டில் முதன்முதலாக வந்தது 1955-ல், கோவையில். சந்தா செலுத்திய தொழிலாளி நோயுற்றால் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை பெறலாம். அதற்கு ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். காண்டிராக்டர் பிடித்த சந்தா கணக்கில் ஏறியதா என்று ஆபரேஷனுக்கு முன்பே பாருங்கள். டாக்டர் சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்குங்கள். சம்பளக் குறைவுக்கு அஞ்சி பத்தாம் நாள் ஷிப்டுக்கு ஓடாதீர்கள்.

வயலில் தினக்கூலிக்குப் போகிறவருக்கு இந்த 91 நாளும் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிக்குத் தருகிறது. எந்த ஆபரேஷனுக்கு, எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். ஆனால் வீட்டில் படுத்திருக்கும் நாட்களுக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. கத்திக்குப் பணம் உண்டு, கஞ்சிக்கு இல்லை! அதனால்தான் தையல் ஆறுமுன்பே மண்வெட்டியைத் தூக்குகிறார் விவசாயத் தொழிலாளி.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. மாத்திரை வீடு தேடி வர முடியுமானால் ஓய்வுக்கூலியும் வர முடியும். ஆபரேஷன் செய்துகொண்ட விவசாயத் தொழிலாளிக்கு, டாக்டர் எழுதும் ஓய்வு நாட்களுக்குச் சர்க்கார் கூலி தரவேண்டும். இதுவே நமது கோரிக்கை. அது கைகூடும்வரை ஒவ்வொரு யூனியன் கிளையும், ஊர்ச் சங்கமும் தன் நிதியில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கட்டும். ஓய்வு சோம்பலல்ல, அதுவும் சிகிச்சையே!