ஜூன் மாதச் சொற்கள்

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஆங்கில நோட்டு சென்ற மாதம் என் கைக்கு வந்தது. இடப்பக்கம் வேர்டு, வலப்பக்கம் மீனிங், நடுவே ஸ்கேல் வைத்துப் போட்ட சிவப்புக் கோடு. ஜனவரி வரை ஒரு பாடமும் விடுபடவில்லை. பக்கத்துக்குப் பக்கம் ஆசிரியரின் கையெழுத்தும் தேதியும். ஜூன் மாதப் பக்கத்தைத் திருப்பி, தமிழ்ப் பொருளைக் கையால் மறைத்துக்கொண்டு பத்துச் சொற்கள் கேட்டேன். மூன்றுக்குத்தான் பதில் வந்தது. அதில் ஒன்று, "இது அடியில கடைசி வரி" என்று இடத்தை வைத்துப் பிடித்தது. "எல்லாம் படிச்சதுதான் சார்" என்றாள். உண்மைதான், படித்திருக்கிறாள். ஜூனுக்குப் பிறகு அவளை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த நோட்டைப் பழிப்பது நம் பயிற்சிக் கூட்டங்களில் வாடிக்கை. மனப்பாடம் ஆகாது, தமிழில் பொருள் சொல்லவே கூடாது என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். எனக்கு இதில் உடன்பாடில்லை. தொடக்க நிலையில் சொல்லையும் தாய்மொழிப் பொருளையும் சேர்த்துப் படிப்பது விரைவில் பலன் தருகிறது. இத்துறையில் பெரிய பெயரான நியூசிலாந்தின் பால் நேஷனே சொல்லட்டைகளுக்காக வாதாடியவர். நோட்டு நல்ல நோட்டுதான். அதை எழுதி, கையெழுத்து வாங்கியதோடு மூடிவிடுகிறோமே, பிசகு அங்கே இருக்கிறது.

2008இல் 'சயின்ஸ்' இதழில் கார்ப்பிக்கியும் ரோடிகரும் வெளியிட்ட ஆய்வைப் பலரும் அறிந்திருப்பீர்கள். கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கொடுத்தார்கள். ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொன்னபின், சில குழுக்களிடம் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மற்றவர்களிடம் கேட்பதை நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, கேட்கப்பட்டவர்களுக்குச் சுமார் 80 விழுக்காடு நினைவிருந்தது. கேட்கப்படாதவர்களுக்கு 35ஐ ஒட்டி. கேட்காமல், பட்டியலை மட்டும் மறுபடி மறுபடி படிக்கக் கொடுத்த குழுவும் இந்த இரண்டாம் கூட்டத்தில்தான் நின்றது. இன்னொன்றையும் கவனியுங்கள்: எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டதற்கு எல்லாக் குழுவினரும் ஏறத்தாழப் பாதி என்றே சொல்லியிருந்தார்கள். தனக்கு எது பதிந்தது, எது பதியவில்லை என்பது படிப்பவருக்கே தெரிவதில்லை. "புரிஞ்சுதா?" என்று கேட்டு, வகுப்பே தலையாட்டியதும் அடுத்த பாடத்துக்குப் போகும் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அடுத்தது, சேர்த்துவைத்துக் கெடுப்பது. லெண்ட், பாரோ இரண்டையும் ஒரே நாளில், ஒரே கரும்பலகையில், எதிரெதிராக எழுதிக் கற்பிக்கிறோம். விளைவு, பத்தாம் வகுப்பிலும் 'கேன் ஐ லெண்ட் யுவர் பென்?' தமிழில் கடன், இரவல் என்ற பெயர்ச்சொல் அப்படியே நிற்கும். கொடு, வாங்கு என்ற வினைதான் திசை காட்டும். ஆங்கிலத்தில் திசையே சொல்லுக்குள் இருக்கிறது. புதிதாக நுழைந்த இரண்டும் அருகருகே உட்கார்ந்தால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து குந்திக்கொள்ளும். தொண்ணூறுகளில் டிங்காம், வேரிங் ஆகியோரின் சோதனைகளும் இதையே காட்டின: பொருளால் நெருங்கிய சொற்களைக் கூட்டாகக் கற்பது கடினமே தவிர எளிதல்ல. முதலில் பாரோவை மட்டும் கொடுங்கள். பேனா, புத்தகம், குடை என்று பிள்ளை அதைப் புழங்கட்டும். லெண்ட் ஒரு மாதம் கழித்து வரலாம். சூடாமணி நிகண்டு தேவர், மக்கள், விலங்கு என்று தொகுதி தொகுதியாகத்தானே வைத்தது என்று ஒரு நண்பர் மடக்கினார். அது தமிழிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குச் செய்த நூல் ஐயா என்றேன்.

எந்தச் சொல்லைக் கேட்பது என்ற தெரிவும் நம் கையில்தான் இருக்கிறது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பட்டியலில் ஏறக்குறைய 2,000 தலைச்சொற்கள். சாதாரண உரைநடையில் 100 சொல்லுக்கு 80 அதற்குள் அடங்கிவிடும். நாவலும் செய்தித்தாளும் தடையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்பது நேஷனின் 2006 கணக்கு. அத்தனையும் வகுப்பில் நடத்தி முடிகிற காரியமல்ல. வாசிப்பில்தான் சேர வேண்டும். ஆகவே, பாடத்தில் ஒரே ஒரு முறை தலைகாட்டும் அரிய சொல்லுக்குப் பொருளைச் சொல்லிவிட்டு நகருங்கள். அதை நோட்டில் ஏற்ற வேண்டாம். டேக் போன்ற எளிய சொல்லோடு மல்லுக்கட்டுங்கள். மருந்து 'சாப்பிட்டேன்' என்பதை ஈட் என்றே எழுதும் பிள்ளைக்கு அந்தச் சொல் இன்னும் தெரியாது, பொருள் ஒப்பித்தாலும்.

பிப்ரவரியில் சிலபஸ் துரத்தும் என்று எனக்கும் தெரியும். ஒரு பீரியடில் ஐந்து நிமிடம் மட்டும் கேட்கிறேன். ஜூன் மாதப் பக்கத்திலிருந்து பத்துச் சொற்கள், தமிழைச் சொல்லி ஆங்கிலத்தை வாங்குங்கள், மதிப்பெண் வேண்டாம். அதே பத்தை அடுத்த வாரமும், மறு மாதமும். மூன்று முறையும் எத்தனை வந்தன என்று எழுதி அனுப்புங்கள். குறைந்த எண்ணிக்கையையும் மறைக்காமல் அனுப்புங்கள். ஏப்ரல் இதழில் பள்ளியின் பெயர் இல்லாமல் வெளியிடுகிறோம்.