எல்லோருக்கும் நல்லவன்

வெளிமாநிலத்தில் குடியேறிய நம்மவர்களிடம் ஒரு குணம் உண்டு. "முடியாது" என்று சொல்ல வாய் வராது. பிழைக்க வந்த இடத்தில் நாலு பேரைப் பகைத்துக்கொள்ளலாமா என்ற பயம். அந்தப் பயத்திலேயே நானும் பல வருடங்களை ஓட்டினேன். எல்லோருக்கும் நல்லவன் என்று பெயரும் வாங்கினேன். அந்தப் பெயருக்கு என்ன விலை கொடுத்தேன் என்பதை நம் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1991-ல் நான் ரயில் பாதைப் பராமரிப்பில் இன்ஸ்பெக்டராக இருந்தேன். ஜல்லியைத் தோண்டிச் சலித்துப் போட்ட பிறகு பாதை உடனே இறுகிவிடாது. அதனால் முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வேகத்தைக் கட்டுப்படுத்தி, பாக்கிங் முடிய முடியப் படிப்படியாக ஏற்றுவோம். ஒரு நாள் மாலை மேலதிகாரி போன் செய்தார். "வண்டிகள் எல்லாம் லேட். இன்றைக்கே வேகத்தை ஏற்றிவிடலாம் அல்லவா?" என்றார். இன்னும் ஒரு சுற்று பாக்கிங் பாக்கி என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற கேங் மேட் வேண்டாம் என்று கையை அசைத்தார். இருந்தும், "சரி சார்" என்றேன். அவர் என்னைத் திறமைசாலி என்று நினைக்க வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

மறுநாள் விடியற்காலையில் கீமேன் ஓரிடத்தில் பாதை விலகியிருப்பதைக் கண்டார். சிவப்புக் கொடி காட்டி எக்ஸ்பிரஸ் வண்டியை நிறுத்தினார். விபத்து ஏதும் இல்லை. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது, ஜன்னலோரம் இருந்த ஒரு குழந்தை எனக்குக் கை காட்டியது. பதிலுக்குக் கை காட்ட என்னால் முடியவில்லை.

நான் கிறிஸ்தவன். சிறு வயது முதல் கேட்ட வேத பாகங்களை அதன் பிறகு வேறு கண்ணால் வாசித்தேன். இயேசுவிடம் குற்றமில்லை என்பது பிலாத்துவுக்குத் தெரியும். ஆனாலும் கூட்டத்தைத் திருப்திப்படுத்த பரபாஸை விட்டுவிட்டு, இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்தான். அவனும் ஒரு "சரி சார்" ஆசாமியாகவே எனக்குத் தெரிந்தான். பேதுருவும் தப்பவில்லை. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சேர்ந்து உண்டவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார்.

அப்படியானால் யாருக்கும் இணங்காமல் முறைத்துக்கொண்டு திரிவதா? இல்லை. அதே பவுல், தான் எல்லோருக்கும் இணங்கி நடப்பதாகவும், அது தன் லாபத்துக்காக அல்ல, அவர்களின் நன்மைக்காகவே என்றும் கொரிந்தியருக்கு எழுதுகிறார். வித்தியாசம் இங்கேதான். நான் சொன்ன "சரி"யால் அதிகாரிக்கும் நன்மை இல்லை, பயணிகளுக்கும் நன்மை இல்லை. எனக்கு ஒரு ஷொட்டு வேண்டியிருந்தது.

ஒரே நாளில் நான் திருந்திவிடவில்லை. பின்னொரு சமயம், மனைவி வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், கூட்டுறவுக் கடனுக்காக ஒரு நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் கட்டத் தவறவே, என் சம்பளத்தில் பிடித்தார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. ஊருக்கு நல்லவன், வீட்டுக்குக் கடன்காரன்.

தேவன் என்னை ஏற்றுக்கொண்டது என் நற்பெயருக்காக அல்ல, தம்முடைய கிருபையால்தான் என்று நான் உதட்டளவில் சொல்லிவந்தேன். அது மனதில் இறங்கிய பிறகே, மற்றவர்களிடம் சர்டிபிகேட் கேட்டு நிற்பது குறைந்தது. அடுத்த முறை இன்னொருவர் ஜாமீன் கேட்டு வந்தார். "கையெழுத்து முடியாது தம்பி. என்னால் ஆனது ஐயாயிரம். திருப்பித் தர வேண்டாம்" என்றேன். கோபித்துக்கொண்டு மூன்று மாதம் பேசவில்லை. பிறகு பேசினார்.

சொந்த ஊரில் மெச்ச வேண்டும் என்று கடன் வாங்கிச் செய்யும் சீர், பிள்ளைக்குப் பிடிக்காத படிப்பு, சக்திக்கு மீறிய மண்டபம் என்று நம் வீடுகளிலும் எத்தனையோ "சரி"கள். எந்தச் சமயத்தவரானாலும், சொல்லுமுன் ஒன்று கேட்டுப் பார்க்கலாம்: இதனால் யாருக்கு நன்மை?

வண்டியை நிறுத்தினால் யார் யார் திட்டுவார்களோ என்று அந்தக் கீமேன் யோசித்திருந்தால், அந்தக் குழந்தை என்ன ஆகியிருக்கும்?